கிணற்றடியில் ஒரு சிங்கப்பூர் ஃபிளையர்

"கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. தங்கச்சி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்."

என் மகள் இந்த இரண்டு வரியையும் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். றகரம், ணகரம் எல்லாம் சுத்தமாக வந்தன. தொடக்கநிலை நான்கில் படிக்கிற பிள்ளைக்கு இது நல்ல வாசிப்புதான் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அம்மா, அவங்க வீட்டுக் கிணத்துக்குப் பக்கத்துல அவ்ளோ பெரிய ராட்டினம் எதுக்கு?"

அவள் தலைக்குள் நின்றுகொண்டிருந்தது சிங்கப்பூர் ஃபிளையர் என்ற ராட்சத ராட்டினம். 165 மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுகளோடு, ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றடியில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதே வரியில் எனக்குத் தெரிந்தது அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டுக் கிணறு. துருப்பிடித்த இரும்புச் சக்கரம், ஈரக் கயிறு, விடியற்காலைச் சத்தம். சோபாவில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் இரண்டு வேறு கதைகளில் இருந்தோம்.

நாங்கள் ஐந்து அம்மாக்கள், ஐந்து மகள்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். ஒரு முறை தமிழ்ச் சிறுவர் நாவல், அடுத்த முறை ஆங்கில நாவல். வீட்டில் ஒவ்வொரு ஜோடியும் வாசித்துவிட்டு வரவேண்டும். கூடும்போது பேச்சும் பஜ்ஜியும். ராட்டினக் கேள்விக்குப் பிறகுதான், வாசிக்கும்போது மூளைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண். வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றும். அப்படி இல்லை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் கண் மருத்துவர் லூயி எமீல் ஜவால் எழுதினார். கண் தத்தித் தத்திப் போகிறது. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் நொடி நிற்கும், பிறகு அடுத்த இடத்துக்குத் தாவும். நிற்கும்போது மட்டுமே எழுத்து தெரியும். அதிலும் கூர்மையாகத் தெரிகிற பரப்பு, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுதான்.

இதைத் தமிழுக்குப் பொருத்திப் பாருங்கள். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது ஒரே சொல். அதில் 13 எழுத்துகள். பழகிய வாசகர் ஒன்றிரண்டு தாவலில் கடந்துவிடுவார். என் மகள் வயதில் நாலைந்து இடத்தில் நிற்கவேண்டியிருக்கலாம். '-கள்' வந்து சேருவதற்குள் 'வந்து' நினைவிலிருந்து நழுவத் தொடங்கியிருக்கும். அதற்கு மேல், தமிழ் வாக்கியம் வினைச்சொல்லைக் கடைசி வரை கொடுக்காது. யார், எங்கே, எதை, எதற்காக என்று எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு முற்றுப்புள்ளி வரை காத்திருக்கவேண்டும். பிள்ளைகள் தமிழ் வாசிக்கும்போது கொட்டாவி விடுவதில் சோம்பல் மட்டும் இல்லை.

கண் அனுப்பிய உருவம் போய்ச் சேருகிற இடம் மூளையின் இடப் பக்கம், பின்புறம், அடிப்பகுதியில் ஒரு சிறிய வட்டாரம். பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதை மூளையின் 'தபால் பெட்டி' என்று செல்லமாக அழைக்கிறார். எழுத்து என்ற ஒன்றைக் கண்டுபிடித்தே ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மூளையில் அதற்கென ஓர் உறுப்பு பரிணாமத்தில் முளைக்க அந்தக் காலம் போதாது. அதனால் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் கொஞ்சத்தை எழுத்து ஆக்கிரமித்துக்கொள்கிறது. குடியேறிய எழுத்து எந்த மொழியாக இருந்தாலும் மூளையில் இடம் ஏறத்தாழ அதேதான். இங்கே கட்டுமானத் தளத்து எச்சரிக்கைப் பலகைகளில் நான்கு மொழிகள் வரிசையாக நிற்கும் அல்லவா, அந்த நான்கும் நுழைவது ஏறக்குறைய ஒரே வாசலில்.

வாசல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வரும் சிரமம் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். அவற்றின் ஒலிகள்தான் ஒழுங்கில்லாதவை. தமிழில் 247. எல்லாமே புதிய உருவங்கள் அல்ல, சரி. ஆனால் 'கொ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் இருப்பதை முதலில் உச்சரிக்கவேண்டும். 'கு'வின் உகரம் 'சு'வில் வேறு வடிவம், 'து'வில் இன்னொன்று. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே ககரம், மூன்று ஒலிகள். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்து முறைகளில் எழுத்துகளை முழுவதும் வசப்படுத்தத் தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகள் வரை ஆகிறது என்று 2007இல் காட்டினார். ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கிற பிள்ளை தமிழில் தடுமாறினால் அது 'ஆர்வமின்மை' என்று உடனே முத்திரை குத்தவேண்டியதில்லை.

என் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். பிறகு ஏன் ஃபிளையர்?

1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய சூத்திரம் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் அந்த மொழியைக் கேட்டால் புரியும் திறனும் சேர்ந்தது. சேர்ந்தது என்றால் கூட்டல் அல்ல, பெருக்கல். கூட்டலில் ஒன்று குறைந்தால் மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று சுழியம் ஆனால் விடையும் சுழியம்தான். அழகாக வாசித்தாலும் 'ராட்டினம்' என்ற சொல் திருவிழாப் பொருளில் மட்டும் தெரிந்திருந்தால், அந்த வரியில் விடை ஃபிளையர்.

சிங்கப்பூரில் இந்தப் பெருக்கல் கொஞ்சம் விசித்திரமாக விழுகிறது. 2021இல் நடந்த பிர்ல்ஸ் என்ற அனைத்துலக வாசிப்புத் தேர்வில் நம் தொடக்கநிலை நான்கு பிள்ளைகள் 587 புள்ளிகளோடு உலகிலேயே முதலிடம். ஆனால் அது ஆங்கில வாசிப்பு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்ன இந்தியர்கள் ஏறத்தாழ 27 சதவீதம். ஆங்கிலம் என்றவர்கள் 59 சதவீதம். அதாவது எழுத்துக்கூட்டத் தெரிந்த, ஆனால் சொற்கள் காதில் விழாத ஒரு தலைமுறை.

தமிழ் பேசும் வீட்டிலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நாம் பேசுவது ஒன்று, அச்சிடுவது இன்னொன்று. இதில் நான் எதிர்பாராத ஒன்றைக் கவனித்தேன். நாவலின் வருணனையில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' வந்தால் பள்ளிப் பழக்கத்தில் மகள் வாசித்துவிடுவாள். உரையாடலில் 'வந்துக்கிட்டிருக்காங்க' என்று வந்தால் அங்கேதான் முட்டும். தினமும் வாயால் சொல்கிற வடிவம், அச்சில் பார்த்ததே இல்லை! நான் சத்தமாக வாசித்துக் காட்டியதும், "ஓ, இதுவா" என்று சிரித்துவிடுவாள். கண்ணால் மாட்டிக்கொண்டது காதால் அவிழ்கிறது. அதனால் நான் எழுதியிருக்கிறபடியே வாசிக்கிறேன். பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வதில்லை. விளக்கம் மட்டும் பேச்சில்.

இந்த உழைப்பில் கிடைக்கும் லாபம் என்ன? ஆங்கிலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1988இல் ஹேஸ், ஆரன்ஸ் இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். கல்லூரிப் படிப்பு முடித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது 1,000 சொல்லுக்குச் சுமார் 17 அரிய சொற்கள். சிறுவர் நூல்களில் சுமார் 31. நாள் முழுக்கப் பேசினாலும் 'கிறீச்சிட்டது' என்று நான் சொல்லப்போவதில்லை. கதவுக்கு எண்ணெய் விடச் சொல்வேன், அவ்வளவுதான்.

இனி என் மனத்துக்குப் பிடித்த பகுதி. வாசிக்கும்போது மூளை சொற்களை அடுக்கிவைப்பதில்லை. சொற்களைக் கொண்டு ஓர் இடத்தைக் கட்டுகிறது. வால்டர் கின்ட்ஷ் போன்ற உளவியலாளர்கள் இதைச் சூழல் மாதிரி என்கிறார்கள். 1987இல் ஆர்தர் கிளென்பெர்க் குழு செய்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. ஓடப்போகிற ஒருவன் மேற்சட்டையை மாட்டிக்கொள்கிறான். இன்னொரு வடிவத்தில் அதைக் கழற்றிவிடுகிறான். பிறகு ஓடுகிறான். 'மேற்சட்டை' கதையில் வந்ததா என்று கேட்டால், கழற்றியதாக வாசித்தவர்கள் பதில் சொல்லக் கூடுதல் நேரம் எடுத்தார்கள். இரண்டிலும் அந்தச் சொல் ஒரே தடவைதான் வருகிறது. ஆனால் வாசகர் மனம் ஓடுகிறவன் கூடவே போய்விட்டது. சட்டை வீட்டில் கிடக்கிறது.

அந்த இடத்தைக் கட்டச் செங்கல் வேண்டும். செங்கல் என்பது முன்னறிவு. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்து, மரப் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பலவீனமான, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்த, ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். திண்ணை, குதிர், தொழுவம் என்று வந்தால் எங்கள் பெண்களும் பேஸ்பால் தெரியாதவர்கள்தான். திண்ணையை, அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கை வைத்து எப்படியோ சமாளித்தேன்: "நம்ம புளோக் வாய்ட் டெக்ல தாத்தாங்க உக்காந்து பேசுவாங்கல்ல, அது ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் இருந்தா எப்படி இருக்கும்?" குதிருக்கு அரிசி டப்பா போதவில்லை. கடைசியில் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு மண்ணால் செய்த டப்பா என்று கையை விரித்துக் காட்டினேன்.

இந்த நிறுத்தங்கள்தான் சேர்ந்து வாசிப்பதன் எந்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோர்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்பும் வீட்டில் படப்புத்தகம் வாசித்தார்கள். ஒரு தரப்புக்கு மட்டும், 'ஆமாம், இல்லை' என்று முடியாத கேள்விகளைக் கேட்கவும், பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்லவும் பயிற்சி. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் பல மாதங்கள் முன்னால் போயிருந்தார்கள். பத்து வயதுப் பெண்ணிடம் "இது என்ன நிறம்?" என்று கேட்டால் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவாள், அது வேறு. ஆனால் "உனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டால் அவள் கட்டிய இடத்தை நமக்குச் சுற்றிக் காட்டுவாள். ஃபிளையர் அப்போதுதான் வெளியே வரும். தனியாக வாசித்திருந்தால் கடைசிப் பக்கம் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

சரி, ஏன் அம்மா? அப்பா, ஆசிரியர், துணைப்பாட வகுப்பு அக்கா, யார் வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாமே? கேட்கலாம். ஆனால் அம்மாவின் குரலைப் பற்றிச் சில ஆய்வுகள் உண்டு. லெஸ்லி செல்ட்ஸர் குழு 2010இல், 7 முதல் 12 வயது வரையிலான சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலரை அம்மாவிடம் நேரில் விட்டார்கள், சிலரைத் தொலைபேசியில் பேசவைத்தார்கள், சிலருக்கு வெறும் திரைப்படம் போட்டுக் காட்டினார்கள். அம்மா குரலைக் கேட்டவர்களுக்கு, தொலைபேசியில்கூட, நெருக்கத்தோடு தொடர்புடைய ஹார்மோனான ஆக்ஸிடோசின் ஏறி, பதற்றத்தின் அடையாளமான கார்ட்டிசோல் சீக்கிரம் இறங்கியது. பின்னர் செய்த ஆய்வில், குறுஞ்செய்தியில் பேசிய சிறுமிகளுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. எழுத்து போதவில்லை, குரல் வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் டேனியல் ஆப்ராம்ஸ், வினோத் மேனன் குழு 2022இல் கண்டது: 12 வயது வரை மூளையின் வெகுமதிப் பகுதிகள் அம்மா குரலுக்கு அதிகமாக விழித்துக்கொள்கின்றன, 13 வாக்கில் அது புதியவர்களின் குரல் பக்கம் திரும்புகிறது. எங்கள் கூட்டத்தில் உயர்நிலை ஒன்றுக்குப் போன பெண் அண்மைக்காலமாகத் தன் அம்மாவிடம் கேட்காமல் மற்ற ஆன்ட்டிகளிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அவள் அம்மாவுக்கு வருத்தம். நான் இந்த ஆய்வைச் சொன்னேன். வருத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை.

நாவல் வாசித்தால் பிறர் மனம் புரியும், இரக்கம் பெருகும் என்று சொல்வார்கள். 2013இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு அப்படித்தான் சொன்னது. ஆனால் சில பக்கம் வாசித்த உடனே அந்தத் திறன் கூடும் என்ற அதன் முடிவு, பிறகு வேறு குழுக்கள் திரும்பச் செய்தபோது கிடைக்கவில்லை. அதனால் அந்த வாக்குறுதியை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

போன மாதம் ஆங்கில நாவல் முறை. இங்கிலாந்தில் விடுதிப் பள்ளி, மழை, நாலு மணித் தேநீர். நான் ஒரு பத்தியை வாசித்து முடித்ததும் மகள் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படித் தெரியுது, சொல்லுங்க" என்றாள். என் ஆயுதம் என் மேலேயே. சொன்னேன்: பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கோன் சாப்பிடுகிறார்கள், ஆனால் கோன் ஐஸை எதற்குச் சுடச்சுடக் கொண்டுவருகிறார்கள், அதன் மேல் ஜாம் வேறு எதற்குத் தடவுகிறார்கள் என்றுதான் விளங்கவில்லை.

ஐந்து பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்கோன் என்றால் அடுப்பில் சுட்டெடுக்கிற ஒரு சின்ன ரொட்டியாம். பஜ்ஜித் தட்டோடு வந்த இன்னொரு அம்மா என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அப்ப அது ஐஸ்கிரீம் இல்லையா?"