மேல்சட்டைக்கு வந்த அபராதம்: நம்பர் பிளேட் கேமரா எப்படிப் படிக்கிறது?

2021-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில், பேருந்துகளுக்கு மட்டும் ஒதுக்கிய தடத்தில் வண்டி ஓட்டியதாக ஒருவருக்கு அபராத நோட்டீஸ் வந்தது. அவர் இருப்பது வெகுதூரத்தில், சர்ரே மாவட்டத்தில். நோட்டீஸோடு வந்த படத்தைப் பார்த்தால் அதில் வண்டியே இல்லை. ஒரு பெண் அந்தத் தடத்தில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அவருடைய மேல்சட்டையில் பெரிய எழுத்தில் 'நிட்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. பின்னல் வேலை செய்பவர் என்று பொருள். கேமரா அதை நம்பர் பிளேட்டாகப் படித்துவிட்டது! விஷயம் தெரிந்ததும் அபராதத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்து அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தால், கேமரா தனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறது என்று தெரிகிறது. கே, என், ஐ, டி, டி, இ, ஆர் என்று மொத்தம் ஏழு எழுத்து. 2001 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் வரும் வழக்கமான நம்பர் பிளேட்டிலும் ஏழு எழுத்துதான்: முதலில் இரண்டு எழுத்து, அப்புறம் இரண்டு இலக்கம், கடைசியில் மூன்று எழுத்து. மூன்றாவது இடத்தில் இலக்கம்தான் வந்தாக வேண்டும், அதனால் அங்கே நின்ற 'ஐ' 1 ஆகிவிட்டது. நான்காவது இடத்து 'டி' மேல் அந்தப் பெண்ணுடைய கைப்பையின் பட்டை விழுந்திருந்தது, அது ஏதோ ஒரு இலக்கம் போலத் தெரிந்திருக்கிறது. மற்றதெல்லாம் கச்சிதமாகப் பொருந்திப்போக, அப்படி ஒரு எண்ணும் பதிவேட்டில் இருந்துவிட்டது.

நாம் படிப்பதுபோல அது படிப்பதில்லை என்பதுதான் விஷயம். எங்கே எந்த வகை எழுத்து வரலாம் என்ற விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஊகிக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்த ஏற்பாட்டில் கேமராவைவிட நம்பர் பிளேட்தான் புத்திசாலி.

பிளேட் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். இருட்டில் டார்ச் அடித்தால் பூனையின் கண் பளீரென்று மின்னும் இல்லையா? வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திரும்பிப் போவதால்தான் டார்ச் பிடித்திருப்பவருக்கு மட்டும் அது அவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது. நம்பர் பிளேட்டின் மேல்பரப்பும் அப்படித்தான். அதில் மிக நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதித்த ஒரு படலம் இருக்கிறது, எந்தக் கோணத்திலிருந்து ஒளி பட்டாலும் ஏறக்குறைய வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். எழுத்துகள் மட்டும் கறுப்பு, அவை ஒளியை விழுங்கிவிடும்.

கேமரா இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. லென்ஸைச் சுற்றிலும் வரிசையாக எல்இடி விளக்குகள் இருக்கும், அவை பெரும்பாலும் 850 நானோமீட்டர் அளவில் அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பு துடிப்பாக விடும். மனிதக் கண் அந்த ஒளியைக் கிட்டத்தட்ட உணராது, ஓட்டுபவருக்குக் கண் கூசாது. லென்ஸுக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கும், அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும். ஹெட்லைட் வெளிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே அடிபட்டுப் போகும். கிடைக்கும் படம் விநோதமாக இருக்கும்: கார் ஏறக்குறைய இருட்டில் கரைந்துவிட, நடுவில் ஒரு வெள்ளைச் செவ்வகம், அதன்மேல் கறுப்பு எழுத்து. பிரிட்டனில் முன்பக்க பிளேட் வெள்ளை, பின்பக்கம் மஞ்சள், ஆனால் அகச்சிவப்பில் இரண்டும் ஒன்றுபோல வெள்ளையாகத்தான் விழும். பெரும்பாலும் பக்கத்திலேயே இன்னொரு சாதாரணக் கலர் கேமராவும் இருக்கும். அது என்ன கார், எந்தத் தடம், என்ன நிறம் என்று காட்ட.

ஓடும் வண்டியைக் கலங்காமல் எடுப்பது அடுத்த சிக்கல். மணிக்கு 30 மைல் என்றால் ஏறக்குறைய 48 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி 13 மீட்டருக்கும் மேல் போய்விடும். ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த இடைவெளியில்கூட வண்டி 13 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பிரிட்டிஷ் பிளேட்டில் ஒரு எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 14 மில்லிமீட்டர். கேமராவுக்குக் குறுக்கே வண்டி போனால் ஒரு கோட்டின் தடிமன் அளவுக்குப் படம் இழுபட்டுப் போய்விடும். அதனால்தான் இந்தக் கேமராக்களைச் சாலையின் போக்கிலேயே, வண்டி எதிரே வருவதுபோலவோ விலகிப் போவதுபோலவோ திருப்பி வைக்கிறார்கள், அப்படி வைத்தால் அந்த நகர்வு படத்தில் மிகச் சிறிதாகத்தான் தெரியும். இவ்வளவு குறைந்த நேரத்துக்கு ஷட்டரைத் திறந்தால் இரவில் வெளிச்சம் போதாதே என்று கேட்டால், அதற்குத்தான் அந்த அகச்சிவப்புத் துடிப்பும் பூனைக்கண் படலமும்.

படம் கிடைத்தபின் நடப்பது கம்ப்யூட்டர் வேலை. பிளேட் எங்கே இருக்கிறது என்று தேடி, சாய்ந்திருந்தால் நிமிர்த்தி, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எதுவாக இருக்கலாம் என்று மதிப்பெண் போடுவது பழைய முறை. இப்போது ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல் மென்பொருள்கள் மொத்த பிளேட்டையும் ஒரே மூச்சில் படித்துவிடுகின்றன. எப்படிப் படித்தாலும் கடைசியில் வருவது "இது இந்த எண், இவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறேன்" என்கிற ஒரு பதில்.

இங்கேதான் விதிகள் உதவுகின்றன. பிரிட்டிஷ் பிளேட்டின் எழுத்துருவில் 'ஓ'வும் பூஜ்யமும் அச்சு அசலாக ஒன்றே, 'ஐ'யும் 1-ம் அப்படியே. உருவத்தைப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது, அது நிற்கும் இடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். புதிய எண்களில் 'ஐ', 'க்யூ' இரண்டும் வருவதே இல்லை. 'இஸட்' கடைசி மூன்று எழுத்துக்குள் மட்டும்தான் வரும். நடுவிலுள்ள இரண்டு இலக்கமும் வண்டி பதிவான காலத்தைச் சொல்பவை, 2024 மார்ச் முதல் பதிவானது 24, அதே ஆண்டு செப்டம்பர் முதல் பதிவானது அதோடு 50 சேர்த்து 74. ஆகவே நடுவில் 45 என்று படித்துக்கொண்டு கேமரா வந்து நின்றால், 2045 இன்னும் வரவில்லையே, மறுபடி பார் என்று திருப்பி அனுப்பலாம். ஆனால் இந்த விதியையே முழுதாக நம்பவும் முடியாது. 2001-க்கு முந்தைய எண்கள் இன்னும் ஓடுகின்றன, காசு கொடுத்து வாங்கிய ஆசை எண்கள் இருக்கின்றன, வட அயர்லாந்து எண்களிலோ 'ஐ' அல்லது 'இஸட்' இருந்தே தீரும்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு எழுத்தை 100-க்கு 99 தடவை சரியாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்க நன்றாக இருக்கிறது. ஏழு எழுத்தும் சேர்ந்து சரியாக வர 0.99-ஐ ஏழு முறை பெருக்க வேண்டும், கிடைப்பது 93 சதவீதம் சொச்சம். ஒரு நாளில் 1,00,000 வண்டி போனால் 6,800 வண்டிகளின் எண்ணில் எங்கோ ஒரு எழுத்து பிசகியிருக்கும். நல்லவேளையாகப் பிசகிய எண்களில் நிறைய, பதிவேட்டில் இல்லாத எண்களாக இருக்கும், அவை தேடும்போதே கழிந்துவிடும். ஆபத்து, பிசகிய எண் இன்னொருவருடைய உண்மையான எண்ணாக இருந்துவிடுவதுதான். மேல்சட்டை விஷயத்தில் நடந்தது அதுதான்.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததும் பிரிட்டனில்தான், 1976-ல், போலீஸின் அறிவியல் பிரிவில். திருட்டுக் காரைக் கண்டுபிடிக்கத்தான் முதலில் பயன்பட்டது. நகரப் போக்குவரத்துத் துறை ஒன்று இதைப் பெரிய அளவில் கையிலெடுத்தது லண்டனில். 2003 பிப்ரவரி 17 அன்று நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் வந்தது, அப்போது நாளுக்கு 5 பவுண்ட். சுங்கச்சாவடி கிடையாது, தடுப்புக் கம்பி கிடையாது, யாரும் வண்டியை நிறுத்த வேண்டாம். எல்லையிலும் உள்ளேயும் கேமரா, அவ்வளவுதான். சிங்கப்பூர் 1998-லேயே மின்னணுக் கட்டணம் கொண்டுவந்தது, ஆனால் அங்கே ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு கருவி வைத்தாக வேண்டும். ஸ்டாக்ஹோம் 2006-ல் சோதனை ஓட்டம் தொடங்கியபோது கருவி, கேமரா இரண்டையும் வைத்துப் பார்த்து, கேமராவே போதும் என்று பிறகு கருவியை விட்டுவிட்டது.

லண்டனில் கேமரா படித்த எண் மையக் கணினிக்குப் போகிறது. அங்கே பட்டியல்கள் காத்திருக்கின்றன: கட்டணம் கட்டியவர்கள், தானாகக் கழியும்படி கணக்கு வைத்திருப்பவர்கள், விலக்கு பெற்றவர்கள். இவற்றில் எதிலும் இல்லாத எண் மட்டும்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். கட்ட மறந்தவர்களுக்குப் பயணம் செய்த நாளிலிருந்து மூன்றாம் நாள் நள்ளிரவு வரை அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் கட்டவில்லை என்றால், வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று ஸ்வான்சி நகரத்திலுள்ள தேசிய வாகனப் பதிவேட்டைக் கேட்பார்கள். படத்தை ஒரு ஊழியர் பார்த்து, படித்த எண்ணும் படத்திலுள்ள எண்ணும் ஒன்றுதானா, பதிவேட்டிலுள்ள காரும் படத்திலுள்ள காரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அப்புறம்தான் 180 பவுண்ட் அபராத நோட்டீஸ், 14 நாளுக்குள் கட்டினால் 90. என்னைக் கேட்டால் மொத்தச் சங்கிலியிலும் முக்கியமான கண்ணி அந்த ஊழியர்தான். பாத் நகரத்து நோட்டீஸ் போகும் முன்பு யாராவது ஒருவர் படத்தை ஒரு நொடி ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு ஆரம்பம் தேடியிருப்பேன்.

2019 ஏப்ரலில் லண்டனில் புகை குறைந்த மண்டலம் வந்தபோதும் இதே முறைதான். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் பரவிவிட்டது, பழைய வண்டியோடு வந்தால் நாளுக்கு 12.50 பவுண்ட். கேமரா புகையை அளக்கிறது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மோப்பம் பிடிப்பதில்லை, எண்ணைப் படித்து, இந்த எண்ணுக்குரிய வண்டி பெட்ரோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தில் இருக்கிறதா என்று பதிவேட்டைப் பார்க்கிறது. உங்கள் வண்டி கரும்புகை கக்கினாலும் ஏட்டில் சுத்தமாக இருந்தால் கேமராவுக்கு அது சுத்தமான வண்டிதான். இந்த விரிவாக்கத்தின்மேல் கோபம் கொண்டவர்கள் கேமராக்களின் வயரை வெட்டினார்கள், லென்ஸில் பெயிண்ட் அடித்தார்கள்.

அவ்வளவு துணிச்சல் இல்லாதவர்கள் பிளேட்டில் கைவைக்கிறார்கள். அகச்சிவப்பு ஒளியில் எழுத்தும் பின்னணியும் ஒன்றாகத் தெரியும்படி செய்த பிளேட்டுகளை அங்கே 'பேய் பிளேட்' என்கிறார்கள். பகலில் போலீஸ்காரர் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும், கேமராவுக்கு மட்டும் வெறும் பலகை. இதைவிட மோசமானது, அடுத்தவருடைய எண்ணை அப்படியே அச்சடித்து ஒட்டிக்கொள்வது. அதே ரகம், அதே நிறக் காராகத் தேடிப் பிடித்து எண்ணைத் திருடினால் கேமரா சரியாகப் படிக்கும், ஊழியரும் சரி என்பார், நோட்டீஸ் மட்டும் அப்பாவிக்குப் போகும். ஒரே எண் பத்து நிமிட இடைவெளியில் நகரத்தின் இரு முனையிலும் தெரிந்தால் கணினியே சந்தேகப்படலாம், இல்லாவிட்டால் பம்பரில் இருக்கும் கீறலையோ ஸ்டிக்கரையோ காட்டித்தான் அவர் வாதாட வேண்டியிருக்கும்.

ஒரு கேமரா தவறவிட்டால்? ஒரே பயணத்தில் வண்டி பல கேமராக்களைத் தாண்டிப் போகும். ஒவ்வொன்றும் 10-ல் 9 முறை படித்தால் இரண்டு கேமராவிடமும் தப்பிக்கும் வாய்ப்பு 100-ல் ஒன்று, மூன்றிடமும் தப்பிக்க 1,000-ல் ஒன்று. ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு தவறும் தனித்தனியாக நடந்தால்தான் சரி. பிளேட்டில் சேறு அப்பியிருந்தால் முதல் கேமராவுக்குத் தெரியாதது பத்தாவதுக்கும் தெரியாது.

கட்டணம் தவிர இன்னொரு வேலைக்கும் இது பயன்படும். இரண்டு கேமராவுக்கு நடுவே ஒரே எண் கடந்த நேரத்தைக் கழித்தால் அந்தச் சாலையில் பயணம் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடும். எண்ணே தேவையில்லை, அதைக் குலைத்துக் குறியீடாக்கி வைத்தாலும் பொருத்திப் பார்க்கலாம். நடுவில் கடையில் நிறுத்தி அரை மணி நேரம் கழித்து வந்த வண்டி சராசரியைக் கெடுத்துவிடும் என்பதால் எல்லா நேரங்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வது வழக்கம்.

படித்த எண்கள் எங்கே போகின்றன என்ற கேள்வி இருக்கிறதே, அது சும்மா விடக்கூடியதல்ல. லண்டனில் நெரிசல் கட்டணம் தொடங்கியபோது, கட்டணம் கட்டியவர்களின் படங்கள் அழிக்கப்படும் என்றுதான் ஏற்பாடு. 2007 ஜூலையில் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, இந்தக் கேமராக்கள் படிப்பதை அந்தந்த நொடியிலேயே லண்டன் பெருநகர போலீஸும் பார்க்கலாம் என்று உள்துறை அனுமதித்தது. கேமராவில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, படித்த எண் போய்ச்சேரும் இடத்தில் இன்னொன்று கூடியது.

எண்ணைப் படித்துவிட்டால் காசு வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. நெரிசல் கட்டணம் ஒரு வரி, தூதரகங்கள் வரி கட்ட வேண்டியதில்லை என்று சொல்லிப் பல நாடுகள் கட்டாமல் இருக்கின்றன. இது வரியல்ல, சேவைக் கட்டணம் என்கிறது பிரிட்டன். 2024-ல் வெளியிட்ட பாக்கிப் பட்டியலில் முதலிடம் அமெரிக்கா, 1.4 கோடி பவுண்டுக்கும் மேல். அடுத்தது ஜப்பான், மூன்றாவது இந்தியா. இந்த வண்டிகளின் எண்ணைப் படிப்பதில் கேமராவுக்கு ஒரு சிரமமும் இல்லை.