வயலை மூடிய மணலுக்கும் நிவாரணம் உண்டு

வெள்ளம், புயல் போன்ற பேரிடரில் வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்துவிட்டால், அதை அகற்றுவதற்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு, 2022-23 முதல் 2025-26 வரையிலான விதிமுறைப்படி, ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உண்டு. பயிர் நிவாரணத்துக்கு மனு கொடுக்கும் பலர் இதைக் கேட்பதே இல்லை. பயிர் போனது ஒரு கணக்கு, நிலம் பாழானது வேறு கணக்கு.

இரண்டும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருபவை. புயல், வெள்ளம் போலவே நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அதன் பட்டியலில் இருக்கின்றன. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கும் நமக்கு அது தூரத்து விஷயம் இல்லை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நடுங்கிய நிலம், கடலூரில் கடலாக ஏறி வந்தது. போன உயிர்களுக்கு முன்னால் உப்பேறிய வயலைப் பற்றி அன்று யார் வாய் திறப்பது? ஆனால் அந்த வயல்களும் ஒரு குடும்பத்தின் சோறுதான். ஜிப்சம் இட்டு, மழைநீரால் உப்பைக் கழுவி, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதுதான் தமிழகக் கடலோரத்தில் அத்தகைய மண்ணைத் தேற்றினார்கள்.

அதே 2022-23 முதல் 2025-26 வரையிலான விதிமுறைப்படி, பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் விதை, உரம் போன்ற இடுபொருள்களுக்கான நிவாரணம் உண்டு. மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500. இரண்டு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர், உச்சவரம்பு. பாசன நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் 6,900 ரூபாய்கூட வராது. பண்ருட்டிப் பக்கம் 2011 டிசம்பரில் தானே புயலில் பலாவையும் முந்திரியையும் இழந்தவர்களுக்குத் தெரியும், ஒரு மரம் காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்று. இந்தத் தொகை அந்த ஆண்டுகளுக்கு ஈடாகாது. அடுத்த விதைப்புக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதற்காக விட்டுவிடக் கூடாது.

பேரிடரில் கால்நடை இறந்தால், அதே விதிமுறைப்படி கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, உழவு மாட்டுக்கு 32,000 ரூபாய். நிலமே இல்லாமல் மாடு மட்டும் வைத்திருப்பவர்களும் இதைப் பெறலாம். இறந்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கிவிடுங்கள். துக்கத்தில் அவசரமாகப் புதைத்துவிட்டுப் பிறகு சான்றுக்கு அலைவது கொடுமை.

கணக்கெடுப்பை வருவாய்த் துறையும் வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகளும் சேர்ந்து நடத்தும். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மணலை அள்ளும் முன் ஆழம் தெரியும்படி அளவுகோலை நட்டுப் படம் எடுத்து வையுங்கள், ஏனெனில் மூன்று அங்குலத்தை அதிகாரி சான்றளிக்க வேண்டும். அதே வேலைக்கு வேறு அரசுத் திட்டத்தில் உதவி கிடைக்குமானால் இந்தத் தொகை வராது.

குத்தகைக்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், வியர்வை இன்னொருவருடையதாக இருக்கும். பயிர் செய்தது யார் என்பதற்கு, கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் என்ற பயிர்க் கணக்குதான் பதிவு. ஒவ்வொரு பருவத்திலும் அதில் உங்கள் பெயரும் பயிரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பேரிடருக்குப் பிறகு அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

தமிழக, புதுச்சேரி எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: வீடு கடலூரில் இருந்தாலும் வயல் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் இருந்தால், பயிருக்கான மனு புதுச்சேரி அரசின் அலுவலகத்துக்கே போக வேண்டும்.