கிராவிட்டி டிரெய்னேஜ்: வடிகாலா, வடிதலா?

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மளிகைக் கடையில் 15 கிலோ எண்ணெய் டின்னைத் திறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மூலையில் ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் 'கொளக் கொளக்' என்று விக்கி விக்கி விழும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் விக்கல் நின்று, நூல் பிடித்தாற்போல் இறங்கும். அந்த இரண்டாவது ஓட்டை காற்றுக்கு. மேலே காற்று புகுந்து இடத்தை அடைக்க, கீழே எண்ணெய் தன் எடையில் இறங்குகிறது.

எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் 'கேஸ் அசிஸ்டெட் கிராவிட்டி டிரெய்னேஜ்' என்பது கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. பூமிக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரி கிடப்பதில்லை. செங்கல்லில் ஊறிய தண்ணீர்போலப் பாறையின் நுண்துளைகளில் இருக்கிறது. தானாக வந்தது வந்து, தண்ணீர் செலுத்தித் தள்ளியதும் வந்த பிறகும், பல எண்ணெய் வயல்களில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். அப்போது மேலிருந்து கார்பன் டை ஆக்சைடை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். அது எண்ணெயில் கரைந்து, எண்ணெயை உப்பவைத்து, பிசுபிசுப்பைக் குறைக்கிறது. இளகிய எண்ணெய், அடியில் கிடைமட்டமாகத் தோண்டிய கிணற்றுக்குள் இறங்குகிறது. பக்கவாட்டில் செலுத்தினால் இலேசான வாயு மேலே ஏறி எண்ணெயை விட்டுவிட்டு ஓடிவிடும். அந்தக் குறையையே இந்த முறை வசதியாக்கிக்கொண்டது. அவசரம் மட்டும் ஆகாது. வேகமாகச் செலுத்தினால் வாயு விரல் விரலாகப் பிரிந்து எண்ணெயைத் துளைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். டிரெய்னேஜ் என்றதும் நம் கை 'வடிகால்' என்று எழுதிவிடுகிறது. வடிகால் என்பது தண்ணீர் போகிற வழி, வாய்க்கால். இங்கே பேசப்படுவது வழியல்ல, நடக்கிற செயல். சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடிக்கிறோம். அது நாம் செய்வது, வடித்தல். வைகையில் வெள்ளம் வடிந்தது என்கிறோம்; அது தானாக நடப்பது, வடிதல். ஒரே வேரில் இந்த நுட்பத்தைத் தமிழ் வைத்திருக்க, 'ஈர்ப்பு வடிகால்' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. எண்ணெய் இங்கே தானாகத்தான் இறங்குகிறது.

ஆங்கில 'டிரெய்ன்' பழைய ஆங்கிலத்தில் சல்லடையில் வடிகட்டுவதைக் குறித்த சொல். உலர்வதைச் சொல்லும் 'டிரை'யும் அதன் உறவு என்கிறார்கள். கீழே இறங்குவது என்ற பொருள் அதில் கட்டாயமில்லை. அதனால் 'கிராவிட்டி' என்று முன்னால் சேர்க்கவேண்டியிருக்கிறது. லத்தீனில் 'கிராவிஸ்' என்றால் கனமானது. நாமோ 'ஈர்' என்ற இழுப்பிலிருந்து ஈர்ப்பு என்றோம். ஆனால் தமிழில் எதுவும் மேல்நோக்கி வடிவதில்லை. வடிதலுக்குள்ளேயே ஈர்ப்பு இருக்கிறது.

இப்படி மிச்ச எண்ணெயை எடுப்பதை ஆங்கிலத்தில் 'என்ஹான்ஸ்டு ஆயில் ரெகவரி' என்பார்கள். அந்த 'ரெகவரி'க்கு மீட்பு என்று போடுவதும் உறுத்துகிறது. அடகு வைத்த நகையை மீட்கலாம். இந்த எண்ணெயை யார் அடகு வைத்தது? 'கூடுதல் எண்ணெய் எடுப்பு' போதும்.

கார்பன் டை ஆக்சைடுக்குப் பழைய பள்ளிப் பாடத்தில் 'கரியமில வாயு' என்று படித்தவர்கள் உண்டு. தண்ணீரில் கரைந்தால்தான் அது அமிலம், அதனால் பெயர் முழுக்கச் சரியில்லை என்பார்கள். கிணற்றில் நீரோடு சேர்ந்து இரும்புக் குழாயை அரிக்கும்போது அந்தப் பெயர் பொருந்தித்தான் போகிறது.

என் தேர்வு 'வாயுத்துணை வடிதல்'. பரிட்சைத்தாளில் எழுதுகிறவர்கள் மட்டும் 'வாயுத்துணை ஈர்ப்பு வடிதல்' என்று எழுதிவிடுங்கள், மதிப்பெண் குறைந்தால் நான் பொறுப்பில்லை.