பத்தாவது முடித்ததும் கட்டட வேலை படிக்க: ஸ்கூலா, ஐடிஐயா?

சம்பா அறுவடை முடிந்தால் டெல்டாவில் வயல் வேலை குறைந்துவிடும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறும் பையன்களில் பலர் கட்டடத்தில் கையாளாகத்தான் சேர்கிறார்கள். அதே வேலையைப் படிப்பாகவும் படிக்கலாம் என்பது நிறைய வீடுகளுக்குத் தெரியாது.

முதல் வழி, பிளஸ் ஒன் தொழிற்கல்விப் பிரிவு. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978-லிருந்தே இது உண்டு. அதில் அடிப்படை கட்டடப் பொறியியல் ஒரு குரூப். தமிழ், ஆங்கிலத்தோடு தியரி ஒரு பாடம், செய்முறை ஒரு பாடம். உதாரணத்துக்கு, வீட்டுக்கு வாணம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுமுன் மூலை மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார் நூல் கட்டி ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறிப்பார். குறுக்கே சரியாக 5 அடி வந்தால் மூலை செங்கோணம், சரி. ஸ்கூலில் மனப்பாடம் செய்த பிதாகரஸ் தேற்றம்தான் அது! நம்மூர்க் களிமண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். அதனால் சுவரும் விரியும். அப்படிப்பட்ட மண்ணுக்கு எந்த அஸ்திவாரம் என்பதை வெறும் கைப்பழக்கத்தில் கற்பது கஷ்டம்.

பிளஸ் டூ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவருக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. வேலைக்கே போவதென்றால் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் கீழ் ஒரு வருடம் பயிற்சி பெறலாம். 2019-ல் திருத்திய விதி இவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 7,000 ரூபாய் நிர்ணயித்தது.

ஒரு சிக்கல். ஆசிரியர் ஓய்வுபெற்றதும் குரூப்பையே மூடிவிட்ட பள்ளிகள் பல. எனவே அட்மிஷனுக்கு முன்பே தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வருடம் குரூப் நடக்கிறதா? செய்முறைக்கு ஆசிரியர் இருக்கிறாரா? பதில் இழுத்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், நீடாமங்கலத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. வெல்டர், பிளம்பர் ஒரு வருடம். எலக்ட்ரீஷியன், சிவில் வரைவாளர் இரண்டு வருடம். எல்லா டிரேடும் எல்லா ஊரிலும் இருக்காது, விசாரித்துக்கொள்ளுங்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர் என்றால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. பிளஸ் ஒன்னில் இருக்கும்போது இந்த ஆயிரம் வராது, அதைக் கணக்கில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், கையில் சீக்கிரம் காசு தேவைப்படும் வீட்டுக்கு ஐடிஐ. மேலே படிக்கும் ஆசையும் கணக்கில் கொஞ்சம் பிடிப்பும் இருந்தால் பிளஸ் ஒன்.

அப்பாவோ அம்மாவோ கட்டட வேலை பார்ப்பவரா? கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்கு ஸ்கூலிலும் ஐடிஐயிலும் கல்வி உதவித்தொகை உண்டு. அட்டை புதுப்பிக்காமல் அலமாரியில் கிடந்தால் பணம் வராது. முதல் வேலையாக அதை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.