பக்கவாதமும் மூன்று மஞ்சள் பந்துகளும்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரைப் பார்க்கப் போனால், கட்டிலோரம் ஒரு பந்து கட்டாயம் இருக்கும். மஞ்சள் நிறம், சிரிக்கும் முகம், அமுக்கினால் அமுங்கும். ஆரஞ்சுப் பழத்தோடு சேர்த்து யாராவது ஒரு சொந்தக்காரர் வாங்கி வந்திருப்பார். "சும்மா இருக்கும்போது அமுக்கிக்கிட்டே இருங்க மாமா, கைக்கு பலம் வந்துடும்." எங்கள் சித்தப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்தபோது இப்படி மூன்று பந்துகள் சேர்ந்தன. கூடவே ஒரு பாட்டில் தைலம், புறா ரத்தம் தடவச் சொல்லி ஒரு யோசனை, "பிசியோன்னா கரண்ட் வைக்கிறதுதானே, அதுக்கு எதுக்கு தினமும் ஆளு?" என்று ஒரு கேள்வி.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். முதல் நாளே மூன்று பந்துகளையும் எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். சித்திக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "அப்பாவுக்கு கைய மூட வருதும்மா. விரிக்கத்தான் வரல" என்றார் அந்தப் பெண்.

இந்த ஒரு வரியில் பாதி நரம்பியல் இருக்கிறது. பக்கவாதத்தில் கெட்டுப்போவது கை அல்ல. தோட்டத்து மோட்டார் ஓடவில்லை என்றால் மோட்டாரையே கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருப்போம். கோளாறு ஸ்டார்ட்டரில் இருக்கும். இதுவும் அப்படித்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடிக்கிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. மூளையிலிருந்து இறங்கும் கட்டளைப் பாதைகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளத்தில் பக்கம் மாறுவதால், வலது மூளை அடிபட்டால் இடது கை விழுகிறது. தசை, எலும்பு, மூட்டு எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கின்றன. மேலிடத்து உத்தரவு மட்டும் வருவதில்லை.

உத்தரவு நின்றால் கை துவண்டு கிடக்க வேண்டியதுதானே? முதல் நாட்களில் அப்படித்தான் கிடக்கும். சில வாரங்களில் பலருக்குக் கை இறுக ஆரம்பிக்கும். தண்டுவடத்துக்கென்று சில அனிச்சைச் செயல்கள் உண்டு, மூளைதான் அவற்றை அடக்கி வைத்திருக்கும். அந்த அதட்டல் போனதும் அவை தலைதூக்குகின்றன. கையில் மடக்கும் தசைகள் பக்கம் இழுவை கூடுகிறது. முழங்கை மடங்கி, மணிக்கட்டு உள்வாங்கி, விரல்கள் பொத்திக்கொள்கின்றன. ஏற்கெனவே பொத்திக்கொள்ளும் கைக்குப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், தெரிந்த பாடத்தையே திரும்ப நடத்துகிறோம். பந்து விஷம் ஒன்றும் இல்லை. இறுக்கமே இல்லாமல் பிடி மட்டும் தளர்ந்தவருக்குச் சில சமயம் பிசியோவே அதைக் கொடுப்பார்.

சரி, செத்த நரம்பணு திரும்பி வருமா? வராது. ஆனால் பக்கத்தில் பிழைத்திருப்பவை வேலையை எடுத்துக்கொள்ள முடியும். இதை அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோவின் குழு 1996இல் குரங்குகளில் காட்டியது. மூளையில் கையை இயக்கும் பகுதியில் சின்னதாக ஒரு சேதம் செய்தார்கள். சும்மா விடப்பட்ட குரங்குகளில், சேதமாகாமல் மிஞ்சிய கைப்பகுதியும் சுருங்கிப்போனது. உழாமல் போட்ட வயலில் பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி உள்ளே வருவது போல. சின்னக் குழிகளிலிருந்து தீனியை விரலால் எடுக்கப் பழக்கப்பட்ட குரங்குகளிலோ கைப்பகுதி அப்படியே நின்றது. சிலவற்றில், அதுவரை முழங்கைக்கும் தோளுக்கும் சொந்தமாக இருந்த இடத்துக்குள்ளும் பரவியிருந்தது.

இதைவிடச் சங்கடமான கதை எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளருடையது. இவர் குரங்கின் ஒரு கையிலிருந்து போகும் உணர்வு நரம்புகளை மட்டும் துண்டித்தார். தசையை இயக்கும் நரம்பு நன்றாகவே இருந்தது. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவே இல்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டார். வேறு வழியில்லாமல் குரங்கு 'செத்த' கையால் தீனியை எடுத்தது. முதலில் சிலமுறை முயன்று தோற்றதில், 'இது உதவாது' என்று அந்தக் கையைக் கைவிடவே அது கற்றுக்கொண்டிருந்தது என்பது டாப்பின் முடிவு. (மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரிலிருந்த அவருடைய ஆய்வகத்தில் 1981இல் மிருகவதைப் புகாரில் போலீஸ் நுழைந்து, வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. அந்தக் குரங்குகள் பட்டதை நினைத்தால், இதிலிருந்து பிறந்த இன்றைய சிகிச்சையின் நன்மை கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.)

கையைக் கைவிடக் கற்றுக்கொள்வதற்கு நம் வீடுகளைப் போல வசதியான பள்ளிக்கூடம் இல்லை. நமக்குக் கவனிப்பு என்றால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது. சோறு பிசைந்து ஊட்டுவோம், பட்டன் போட்டுவிடுவோம், அவர் டம்ளருக்குக் கையை நீட்டும் முன்பே தண்ணீர் வாயருகே வந்துவிடும். "நீங்க சும்மா இருங்க, நான் பண்றேன்." இடது கை விழுந்தவர்கள் பாடு இன்னும் மோசம். சாப்பிட, எழுத, போன் பேச வலது கை இருக்கிறதே. இடது மடியில் கிடந்து மறந்தே போகும். வலது கை விழுந்தவருக்கு வேறு தொல்லை. இடக்கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, ஊட்டிவிடச் சொல்வார்.

அந்த பிசியோ பெண் சித்தியிடம் கேட்டதெல்லாம் சமையலறைச் சாமான்கள்தான். ஒரு கிண்ணத்தில் கொண்டைக்கடலை, பக்கத்தில் காலிக் கிண்ணம். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எடுப்பதைவிட விடுவதுதான் கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். விரல் கடலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். அப்புறம் சின்ன வெங்காயத்தை இடது கை பிடிக்க வலது கை உரிப்பது, துண்டை மடிப்பது, வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வது. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். தூக்கி உட்காரவைக்க அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசையின் பிடிப்பு தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவும். அந்த வலி வந்துவிட்டால் பயிற்சியே நின்றுபோகும்.

எத்தனை தடவை என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். மூளைக்குள் மாற்றம் தெரிந்த விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கை இயங்கியது. வட அமெரிக்கச் சிகிச்சை மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு அமர்வில் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32. அங்கேயே 32 என்றால், அரை மணி நேரம் பிசியோ வந்து போகும் நம் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இருக்கும் நேரம் முழுக்க வீட்டுக்காரர்கள் கையில்தான்.

அதற்காக முதல் நாளே எழுப்பி ஓடவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் படுக்கையிலிருந்து எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் நடமாட வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. 2,104 பேர். மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சைக் குழுவில்தான் அதிகம். எப்போது, எவ்வளவு என்பதைப் பக்கத்துவீட்டுக்காரரிடம் கேட்காமல் மருத்துவரிடம் கேட்க இதுவே போதும்.

கையே அசையாதவருக்கு? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிபோர்னியாவில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். கை துண்டிக்கப்பட்ட பின்னும் இல்லாத கையில் வலி உணர்பவர்களுக்காக. நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருந்த இடத்தில் தெரியும். 1999இல் இதையே பக்கவாதத்துக்கும் முயன்றார்கள். இரண்டு கைக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி நல்ல கையை அசைத்தால், விழுந்த கை அசைவதாகக் கண் மூளைக்குச் சொல்கிறது. மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் பலன் இருக்கிறது. செலவு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

"மூணு மாசத்துல வந்தா உண்டு, இல்லன்னா இல்ல" என்று சித்தப்பாவைப் பார்க்க வந்தவர்கள் பலரும் சொன்னார்கள். வேகமான முன்னேற்றம் முதல் மாதங்களில்தான், அது உண்மை. ஆனால் டாப்பின் முறையை மனிதர்களிடம் சோதித்து 2006இல் வெளியான ஆய்வில் சேர்ந்த 222 பேருமே பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை மாட்டிக்கொண்டு, விழுந்த கையால் பழகினார்கள். அவர்களுடைய கை மற்றவர்களின் கையைவிட நன்றாகத் தேறியது. ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. சேருவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மணிக்கட்டைக் குறைந்தது 10 டிகிரியாவது மேலே தூக்க வேண்டும், கட்டைவிரலையும் கூடவே இன்னும் இரண்டு விரல்களையும் அதே அளவு விரிக்க வேண்டும். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறார் என்று அதில் கேட்கவே இல்லை.