மிளகாயை அம்மியோடு விட்டுவிடுங்கள்

போன மாதம் வந்த குழந்தைக்கு ஐந்து வயது. யூகேஜி படிக்கிறாள். அம்மாவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். வலது கண் சிவந்து வீங்கியிருக்கிறது, வலது கட்டைவிரல் வாய்க்குள் இருக்கிறது. கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் கூட வந்த அப்பத்தா முந்திக்கொண்டார். "விரல் சூப்புறாளேன்னு பச்சை மிளகாயைக் கிள்ளித் தடவி விட்டேன் டாக்டர். தூக்கத்துல கண்ணைக் கசக்கிட்டா." ராத்திரி பதினொரு மணிக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். சொட்டு மருந்து போட்டு இரண்டு நாள் கழித்துப் பல் டாக்டரான என்னிடம்.

இத்தனை நடந்தும் விரல் வாயிலேயேதான் இருந்தது.

இந்த வருடத்தில் இது எனக்கு நான்காவது மிளகாய்க் கேஸ். வேப்பெண்ணெயும் கற்றாழையும் தனிக் கணக்கு. அதனால் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை ருசிக்காக விரல் சூப்புவதில்லை. வயிற்றில் இருக்கும்போதே விரல் சூப்புவதை ஸ்கேனில் பார்க்கிறோம், அங்கே என்ன ருசி? தூக்கம் வரும்போது, பயம் வரும்போது, சும்மா உட்கார்ந்து போன் பார்க்கும்போது தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ள அதற்குத் தெரிந்த ஒரே வழி அந்த விரல். அதில் மிளகாயைத் தடவினால் எரியும். எரிந்தால் அழும். அழுகிற குழந்தைக்கு ஆறுதல் எது? அதே விரல்தான். அப்புறம் எப்படி விடும்? பாவாடையில் துடைத்துவிட்டுச் சூப்பும். இல்லையென்றால் இடது கைக்கு மாறும். கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவியதால் நடுவிரல் இரண்டையும் சேர்த்துச் சூப்பப் பழகிய ஒரு பையன் என்னிடம் வந்திருக்கிறான். ஒரு விரல் போய் இரண்டு விரல் ஆனதுதான் மிச்சம். எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமாக இருப்பது, தூங்க வைக்கிற கையே எரிய வைக்கிறது என்று அந்தக் குழந்தை தெரிந்துகொள்வது.

"வேப்பெண்ணெய் இயற்கைதானே டாக்டர்?" இயற்கைதான். சளிக்கென்று வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை 1980-களிலேயே மலேசிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாங்கள் கொஞ்சம்தானே தடவுகிறோம் என்பீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாள் தடவினீர்கள் என்று கேட்டால் யாரிடமும் கணக்கு இல்லை. நூலை இறுக்கிக் கட்டி விரல் நுனி நீலமாகிப்போய் வந்த குழந்தையும் உண்டு. சூடு வைத்துவிடுவேன் என்று கரண்டியைக் காட்டி மிரட்டுவதும் வேண்டாம்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? இரண்டு வயதுக் குழந்தை சூப்பினால் கையைத் தட்டிவிடாதீர்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். மூன்று வயதிலிருந்து மெதுவாகப் பேச ஆரம்பிக்கலாம். நான்கு தாண்டியும் தொடர்ந்தால் ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு வயதை ஒட்டி நிலைப்பற்கள் முளைக்க ஆரம்பித்துவிடும், அதற்கு முன் விட்டால் வேலை சுலபம். "பால் பல்தானே, விழுந்து முளைச்சா சரியாயிடும்" என்பது பாதி உண்மை. மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே விழுந்த இடைவெளி, பழக்கம் சீக்கிரம் நின்றால் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். மேல்தாடை குறுகிப்போய்க் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்பக்கமாகக் கடிக்க ஆரம்பித்துவிட்டால் அது பெரும்பாலும் தானாகத் திரும்பாது. எத்துப்பல் பார்க்க அழகில்லை என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, விளையாடும்போது கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்த நீட்டிக்கொண்டிருக்கிற பல்தான் என்பது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. இடியாப்பத்தை முன்பல்லால் மட்டும் கடித்து அறுக்கச் சொல்லுங்கள். கடித்தாலும் இழை அறுபடாமல் நழுவினால், அல்லது குழந்தை ஓரப் பல்லுக்குத் தள்ளினால், மேல் கீழ் முன்பற்கள் சேரவில்லை என்று அர்த்தம். நான் வாயைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு கையையும் நீட்டச் சொல்வேன். மற்ற ஒன்பது விரலும் மண்ணும் மையுமாக இருக்க, ஒரு கட்டைவிரல் மட்டும் பளிச்சென்று வெளுத்து, முட்டியில் காய்ப்பு ஏறியிருக்கும். அம்மா "இப்பல்லாம் சூப்புறதில்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருப்பார், விரல் வேறு கதை சொல்லும்.

அந்தப் பாப்பாவிடம் நான் முதலில் கவனித்தது அவளுடைய இன்னொரு கையை. வலது கை விரல் வாயில், இடது கையில் பழைய நைட்டித் துணி ஒரு துண்டு. ஓரத்தை விரலுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் நைட்டி. நான்கு மாதமாக அம்மாவுக்கு நைட் ஷிப்ட், அப்பத்தாதான் தூங்க வைக்கிறார். பல குழந்தைகளுக்கு இப்படி ஒரு ஜோடி இருக்கும். ஒரு கையில் விரல், இன்னொரு கையில் துணியோ, முந்தானையோ, அம்மாவின் காதுமடலோ. துணியைத் தொட்டதும் விரல் தானாக வாய்க்குப் போகும். அதனால் விரலோடு மல்லுக்கட்டுவதற்கு முன் துணியை வழிக்குக் கொண்டுவர வேண்டும். பிடுங்கக் கூடாது. முதல் வாரம் பகலில் மட்டும் தலையணைக்கு அடியில். பிறகு ராத்திரியில் தூங்கும்வரை மட்டும் கையில். அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பத்து நிமிஷம் பக்கத்தில் படுத்துவிட்டுப் போங்கள்.

மற்றதெல்லாம் குழந்தையோடு செய்கிற ஒப்பந்தம். அவள் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. கண்ணாடியைக் கொடுத்துப் பல்லைக் காட்டினேன், நடுவே நாக்கு நுனி எட்டிப்பார்த்ததைப் பார்த்து அவளே சிரித்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல், சூப்பாத நாளுக்கு அவளே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டாத நாளுக்குப் பேச்சு இல்லை, திட்டும் இல்லை. முதல் இரண்டு வாரம் பகலை மட்டும் பாருங்கள். போன் பார்க்கிற நேரத்தைக் குறையுங்கள், அல்லது கையில் களிமண்ணோ அமுக்கி விளையாடுகிற பந்தோ கொடுங்கள். ராத்திரிக்கு, முழங்கையில் தளர்வாகச் சுற்றிய க்ரேப் பேண்டேஜ் போதும். கை மடங்கும்போது லேசாக இழுத்து நினைவுபடுத்தும். தளர்வாக என்றால் உங்கள் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். இதைத் தண்டனை என்று ஒருமுறை சொல்லிவிட்டீர்கள் என்றால் எல்லாம் வீண்.

தயவுசெய்து விருந்தாளி முன்னால், பள்ளி வாசலில், "இவ்ளோ பெரிய பொண்ணு, இன்னும் விரல் சூப்புது பாருங்க" என்று சொல்லாதீர்கள். வெட்கப்பட்ட குழந்தை அன்றைக்கு ராத்திரி இன்னும் அதிகமாகத்தான் சூப்பும்.

"அண்ணத்துல கம்பி வச்சா நின்னுடுமாமே?" நிற்கும். விரல் அண்ணத்தில் படாமல் தடுக்கிற கம்பித் தடுப்பு அது, நாங்கள் க்ரிப் (crib) என்போம், சிலருக்கு உருட்டி விளையாடுகிற மணி வைத்ததும் உண்டு. ஏழு வயதை ஒட்டி, மற்ற முயற்சி எல்லாம் பலிக்காமல், குழந்தையே விட நினைத்தும் முடியாதபோது மட்டும்தான் நான் வைப்பேன். பழக்கம் நின்ற பிறகும் சில மாதம் வாயிலேயே இருக்க வேண்டும். விருப்பமில்லாத குழந்தை ஒரே வாரத்தில் வளைத்துக்கொண்டு வந்துவிடும், எனக்கு அந்த அனுபவமும் ஆகியிருக்கிறது. சூப்பிக்கொண்டே முடியைப் பிடுங்குகிற, பிடுங்கிய முடியை விழுங்குகிற குழந்தையை என்னிடம் கொண்டுவராதீர்கள், முதலில் குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள். எப்போதோ விட்டுவிட்டு ஏழெட்டு வயதில் திடீரென்று மறுபடி ஆரம்பித்தால், வீட்டிலோ பள்ளியிலோ என்ன நடக்கிறது என்று பொறுமையாக விசாரியுங்கள்.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது ஐந்தாவது வாரம். கண் சரியாகிவிட்டது. காலண்டர் தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், நடுவே ஒன்பது தாளில் ஸ்டிக்கர் இல்லை, அதையும் மறைக்காமல் எண்ணிக் காட்டினாள். பகலில் விரல் வாய்க்குப் போவதில்லை. விடியற்காலையில் மட்டும் போகிறதாம். அதற்காக அவளை எழுப்ப வேண்டாம், மெதுவாக எடுத்துவிட்டால் போதும் என்று அப்பத்தாவிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.