கடலில் முதலில் கைவிடுவது கைதான்

அலாஸ்கா மீனவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியில் ஒரு பாடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். வளர்ந்த ஆட்கள் படகின் தளத்தில் உட்கார்ந்து, பூட்ஸின் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, தடித்த சிவப்பு ரப்பர் உடைக்குள் காலைத் திணித்துக்கொண்டிருப்பார்கள். பை மாட்டினால் பூட்ஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். உச்சந்தலை வரை மூடி ஜிப் போட 60 விநாடிதான். குளிர்ந்த கடலில் உயிர் காக்கும் அந்த உடையின் பெயர் இம்மர்ஷன் சூட்.

அப்படி என்ன அவசரம்? நம் வங்கக்கடல் நீர் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலிலோ குளிர்காலத்தில் 2, 3 டிகிரிதான். அங்கே விழுந்தவர் விறைத்துச் செத்தார் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பலர் விறைக்கும் வரைகூடத் தாங்குவதில்லை.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட், தானே பனிநீரில் இறங்கிச் சோதித்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1.

முதல் 1 நிமிடம் மூச்சுக்கானது. தோலில் சட்டென்று குளிர் பட்டதும் நம்மைக் கேட்காமலே வாய் பிளந்து மூச்சை இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குப் போவது காற்றல்ல, கடல். லைஃப் ஜாக்கெட் முகத்தை மேலே தாங்கிப் பிடித்தால், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். அறைக்குள் தொங்கும் ஜாக்கெட் இதற்கு உதவாது.

அடுத்த 10 நிமிடம் கைகளுக்கானது. நெஞ்சையும் மூளையையும் சூடாக வைத்திருக்க, உடல் கைகால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். நரம்பும் தசையும் குளிர, விரல் மடங்காது. கண்முன் விழுந்த கயிற்றைப் பிடிக்க முடியாது. எமகாதக நீச்சல்காரரும் இங்கேதான் தோற்பார். இதையெல்லாம் தாண்டி மிதந்துகொண்டிருந்தால், உடலின் உள்வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும்.

சூட்டை நீருக்குள் போட்டுக்கொள்ள முயல்வது கிட்டத்தட்ட வீண் வேலை. கை கைவிடும் முன், தளத்திலேயே போட்டாக வேண்டும். அதன் துணி 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். உள்ளே கோடிக்கணக்கில் மூடிய வாயுக் குமிழ்கள். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். நடுவே குமிழ்கள் நின்று தடுக்கின்றன, மிதக்கவும் வைக்கின்றன.

போடும் வரிசையிலும் விஷயம் இருக்கிறது. கால்கள், பிறகு பழக்கமில்லாத கை, அப்புறம் தலைமூடி, கடைசியில் பழக்கமான கை. சூட்டின் கையுறை தடிமன். இரண்டு கையும் உள்ளே போய்விட்டால் நுணுக்கமான வேலை எதுவும் ஓடாது.

இந்தப் பயிற்சி சும்மா வந்துவிடவில்லை. 1985 ஆகஸ்டில் அலாஸ்காவின் கோடியாக் தீவு அருகே ஒரு பழைய படகு ஆட்களோடு மூழ்கியது. இறந்தவர்களில் ஒருவர் விடுமுறை வேலைக்கு வந்த கல்லூரி மாணவர். அவருடைய பெற்றோர் விடாமல் போராடினார்கள். 1988-இல் அமெரிக்காவில் மீன்பிடிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது கரையை விட்டுத் தொலைவு செல்லும் படகுகளில் மாதம் ஒருமுறையாவது ஒத்திகை கட்டாயம்.

ஒத்திகை முடிந்தால் சூட்டைக் காயவைத்து, ஜிப்புக்கு மெழுகு தேய்த்து, ஜிப்பைத் திறந்தபடியே சுருட்டி வைப்பார்கள். உப்புப் பூத்து இறுகிய ஜிப் ஒன்று போதும், 60 விநாடியையும் தின்றுவிட.